பொதுக்கொள்கைப் பேராசிரியர் ஒருவரை நினைவுகூர்வது எப்படி: சேலத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொதுக்கொள்கையை ஆராய்ந்தும் கற்பித்தும் ஒரு தலைமுறை மாணவர்களை ஆளாக்கிய பேராசிரியர் ஒருவர் மறைந்தால், சேலத்தில் அடுத்து என்னென்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவார்கள். காரியம் முடிந்ததும் ஏதாவதொரு மண்டபத்தில் படத்திறப்பு நடக்கும். பழைய மாணவர்கள் மேடையேறித் தழுதழுத்த குரலில் பேசுவார்கள். இவை வேண்டியவையே. துக்கத்தைப் பத்துப் பேரோடு பகிர்ந்துகொள்ள நம் ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இத்தோடு நின்றுவிட்டால், அவர் ஆயுள் முழுவதும் செய்த வேலை சில ஆண்டுகளுக்குள் யாருடைய கைக்கும் எட்டாமல் போய்விடும். கவிஞரின் பாடல் புத்தகத்தில் இருக்கும். கொள்கை ஆய்வாளரின் உழைப்போ அரசுக் குழு அறிக்கையின் பின்னிணைப்பிலும், அவர் திருத்திக் கொடுத்த மாணவரின் ஆய்வேட்டிலும், ஓர் அரசாணையில் மாறிய ஒரு வரியிலும் பெயரின்றிக் கலந்து கிடக்கும். அதைத் தேடி எடுத்து, சரிபார்த்து, பிறர் பயன்படுத்தும் வடிவில் வைப்பதுதான் அவரை நினைவுகூர்வது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேலம் மாவட்டத்தில் இருக்கும் மாணவர்கள், உடன் பணியாற்றியவர்கள், குடும்பத்தார் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் பேராசிரியர் மறைந்த பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து செய்த, இன்னும் செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து கற்றவை இவை. தம் பெயர் முன்னே நிற்பதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகவே இங்கும் அதைக் குறிப்பிடவில்லை.

முதல் மாதம்

முதலில் செய்ய வேண்டியது, எதையும் அப்புறப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார், உறவினர் வந்து தங்குவதற்காக அறையைக் காலி செய்வார்கள். கட்டுக்கட்டாக இருக்கும் பழைய தாள்கள் பயனற்றவையாகத் தெரிவதால், எடைக்குப் போய்விடுவது மிகவும் எளிது. குடும்பத்தார் நம்பும் ஒருவர், கூட்டமாகப் போகாமல் தனியாகச் சென்று, “அம்மா, சாருடைய மேசையையும் பீரோவையும் ஒரு மூன்று மாதம் அப்படியே விட்டு வையுங்கள், நாங்கள் வந்து ஒழுங்குபடுத்தித் தருகிறோம்” என்று கேட்டுக்கொண்டால் போதும். பெரும்பாலான குடும்பங்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கும். எந்த அலமாரியில் எது எந்த வரிசையில் இருந்தது என்பதைக் கலைப்பதற்கு முன்பே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆய்வாளர் தம் தாள்களை அடுக்கியிருக்கும் முறையிலேயே அவர் எதை எதனோடு சேர்த்துச் சிந்தித்தார் என்பது தெரியும். மடிக்கணினி, பென்டிரைவ், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் அவற்றைக் குடும்பத்தாரின் முன்னிலையில், அவர்கள் அனுமதித்த அளவுக்கு மட்டுமே திறக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒரு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைத் தயாரியுங்கள். பிறந்த ஊர், படித்த இடங்கள், வகித்த பொறுப்புகள், இடம்பெற்ற குழுக்கள், ஆண்டுகள் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதாமல், பணிப்பதிவேடு, நியமன ஆணை, குழு அமைக்கப்பட்ட அரசாணை ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். இரங்கல் செய்திகளில் ஏறிவிடும் தவறான ஆண்டும் கூட்டிச் சொல்லப்பட்ட பதவியும் பிறகு எத்தனை முறை திருத்தினாலும் போவதில்லை. குழுவின் உறுப்பினராக இருந்தவரைத் தலைவர் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எண்ணிலும் பெயரிலும் கறாராக இருந்த ஒருவரின் நினைவுக்கு அது பொருந்தாது.

நினைவுக் கட்டுரையை எழுதும் முறை

நினைவுக் கட்டுரையில் எளிமை, நேர்மை, அன்பு என்ற சொற்களை எழுதுவது எளிது. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அவற்றிலிருந்து அந்த மனிதர் தனித்துத் தெரிய மாட்டார். கொள்கை அறிஞரைப் பற்றி எழுதும்போது நான்கு கேள்விகளின் விடையைத் தொடர்ச்சியாகச் சொல்ல முடிய வேண்டும். அவர் எந்தச் சிக்கலைப் பார்த்தார்? அதில் பிறர் காணாத எதைக் கண்டறிந்தார்? அதை யாரிடம், எந்த வடிவில் கொண்டுசேர்த்தார்? அதன் பிறகு எது மாறியது, எது மாறவில்லை? நான்காவது கேள்வியின் இரண்டாம் பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஏற்கப்படாத பரிந்துரையும் அவருடைய பங்களிப்பே. ஏன் ஏற்கப்படவில்லை என்று எழுதிவைத்தால், பின்னால் வருபவர் அதே கோரிக்கையை இன்னும் வலுவாக முன்வைக்க உதவும்.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டு இதை விளக்கலாம். 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தியது. 1917-இல் சேலம் நகரசபைத் தலைவராகப் பொறுப்பேற்ற ராஜாஜிக்கு இந்த ஊர் அன்னியமானதன்று. கள், சாராயத்திலிருந்து வந்த வருவாய் நின்றதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டும் தேவையும் சேர்ந்து, 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கைப் பற்றி மட்டும் எழுதுபவர் பாதிக் கதையைச் சொல்கிறார். அதோடு வரிச் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பவரே ஒரு முடிவு இன்னொரு முடிவை எப்படிக் கட்டாயமாக்கியது என்று காட்டுகிறார். உங்கள் பேராசிரியர் ஆராய்ந்த திட்டத்தையும் இப்படித்தான், அதன் செலவை யார் ஏற்றார் என்பதுவரை தொடர்ந்து சென்று எழுத வேண்டும்.

பெருமையைப் பங்கிடுவதிலும் கவனம் தேவை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. இப்படிப்பட்ட ஒரு திட்டத்தின் பின்னால் கிராமந்தோறும் அலைந்த செவிலியர், தொண்டு நிறுவனத்தார், செய்தியாளர், மாவட்ட அலுவலர், அரசியல் தலைமை எனப் பலர் இருப்பார்கள். அத்தகைய வேலையில் உங்கள் பேராசிரியருக்குப் பங்கு இருந்திருந்தால், “இத்திட்டத்தின் தந்தை” என்று எழுதாமல், அவர் தொகுத்த பிறப்பு-இறப்புக் கணக்கு எது, எந்த ஆண்டுக்குரியது, எந்த அலுவலரிடம் அது போய்ச் சேர்ந்தது என்று எழுதுங்கள். சிறிய பங்கைத் துல்லியமாகச் சொன்னால் அது நிலைக்கும்.

முன்மாதிரி வேண்டுமென்றால் எஸ். குகனை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்த அவர், பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்து, ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பு பற்றியும் மத்திய-மாநில நிதி உறவு பற்றியும் எழுதினார்; 1998-இல் மறைந்தார். மறைவுக்குப் பின் அவருடைய கட்டுரைகளில் தேர்ந்தெடுத்தவை ஒரே தொகுப்பாக வெளிவந்தன. சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் முதியோர் ஓய்வூதியம் பற்றி இன்று படிக்கும் மாணவர் அவரை எளிதாகச் சென்றடைகிறார். அந்த நிறுவனத்தை 1971-இல் நிறுவிய மால்கம் ஆதிசேசய்யாவின் நினைவும் விருது, கருத்தரங்கு என்று ஆய்வுப் பணிகளோடு பிணைந்தே இருக்கிறது. சிலை வைக்கும் செலவைவிடக் குறைந்த செலவில் இவை நடக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளலாம்.

யாரிடம், எதைக் கேட்பது

நினைவு மலருக்கு மாணவர்களிடம் “ஐயாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்” என்று கேட்டால், எல்லாக் கட்டுரையும் ஒன்றுபோலவே வரும். அதற்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் உங்கள் ஆய்வில் எந்த வரியை அடித்தார்? எந்த ஊருக்குத் திரும்பப் போகச் சொன்னார்? எந்தக் கருத்தில் நீங்கள் அவரோடு மோதினீர்கள், யார் விட்டுக்கொடுத்தீர்கள்? இப்படிக் கேட்டால் மனிதர் வெளிப்படுவார்.

எங்களுக்குக் கிடைத்த ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மரவள்ளி விவசாயிகளின் வருமானம் பற்றிய ஆய்வேட்டின் முதல் வரைவு அது. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளிக்குச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கொடுக்கும் விலை, கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் பொறுத்து ‘பாயிண்ட்’ கணக்கில் அமைகிறது என்பது ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. மாணவர் அழகாக ஓர் அட்டவணை போட்டு, இன்ன மாதத்தில் சராசரியாக இத்தனை பாயிண்ட், இத்தனை ரூபாய் என்று எழுதியிருந்தார். அட்டவணையின் பக்கத்தில் பென்சிலால், சிறிய சாய்ந்த எழுத்தில், “பாயிண்ட் பார்த்தவர் யார்? விவசாயி உடனிருந்தாரா? மழை பெய்த வாரமா?” என்று மூன்றே கேள்விகள். அதற்குக் கீழே, “விலைக்கு முன்னால் அளவை விசாரிக்கவும்” என்று ஒரு வரி. மாணவர் திரும்பவும் கிராமங்களுக்குப் போனார். அளக்கும் இடத்தில் சிறு விவசாயி எங்கே நிற்கிறார், பெரிய விவசாயி எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். ஆய்வேட்டின் மையமே மாறியது. அந்த ஒரு பக்கத்தின் நகல், பேராசிரியரின் கற்பிக்கும் முறையைப் பற்றிய எந்தப் புகழுரையையும்விட மேலானது என்று கருதுகிறேன். ஆகவே திருத்தப்பட்ட வரைவுகளை, தேநீர்க் கறையோடு இருந்தாலும், கேட்டு வாங்குங்கள்.

மாணவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். களப்பணிக்கு வண்டி ஓட்டியவர், தட்டச்சு செய்து கொடுத்தவர், ரேஷன் கடை விற்பனையாளர், கிராம நிர்வாக அலுவலர், மகளிர் குழுத் தலைவி, சேர்வராயன் மலையில் அவரை வீட்டில் தங்கவைத்து உணவளித்த குடும்பம் ஆகிய இவர்கள் எழுதித் தர மாட்டார்கள். நேரில் போய் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, குரலைப் பதிவு செய்ய வேண்டும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர் பெயர், இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பது ஆகியவற்றை நம் குரலிலேயே சொல்லி, அவர் சம்மதத்தையும் அதிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். கேட்பவர் குறைவாகப் பேசுவது நல்லது. “எங்க ஊருக்கு வந்தப்ப என்ன கேட்டாரு?” என்ற ஒரு கேள்வி போதும், மற்றவை தாமே வரும்.

அவரோடு உடன்படாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டுவழிச் சாலை, மலையில் பாக்சைட் வெட்டியது, பொது விநியோகத்தை எல்லோருக்கும் தருவதா ஏழைகளுக்கு மட்டுமா என்ற விவாதம் போன்ற எதிலாவது அவர் எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்த ஓர் அலுவலரோ சக ஆய்வாளரோ மரியாதையோடு எழுதும் கட்டுரை மலரின் தரத்தை உயர்த்தும். மறைந்தவரைக் குறைத்துப் பேசுவதாகக் குடும்பத்தார் வருந்தக்கூடும் என்றால், அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

தாள்களைக் காப்பது

மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருக்கும் வேறுபாடு இங்கே முக்கியம். சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் மழையும் சேர்ந்து அங்கே தாள் எப்போதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். ஓய்வுக்குப் பின் மலையில் குடியேறிய பேராசிரியரின் தாள்களை அங்கேயே விட்டுவைக்காமல், சேலத்து வறண்ட காற்றுக்கு இறக்கிக் கொண்டுவருவதே நல்லது. வெயில் காலத்தில் ஒரு வறண்ட நாள் பார்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடிய அட்டைப்பெட்டிகளில் கீழே கொண்டுவந்து, நேரடி வெயிலில் போடாமல், நிழலில் காற்றோட்டமாக விரித்து ஈரத்தைப் போக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கட்டுகளை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. அவற்றைத் தூசி தட்டுபவர் முகக்கவசம் அணிய வேண்டும். சமவெளியில் வேறு பகை உண்டு: கரையானும் இராமபாணப் பூச்சியும். பெட்டிகளைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காமல், இரும்பு அலமாரியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வசம்புத்தூளைத் துணி முடிச்சாகக் கட்டி வைப்பது நம் வீடுகளில் ஏட்டுச் சுவடிக்குச் செய்த பழைய வழி, அதைப் பின்பற்றலாம்.

துருப்பிடித்த குண்டூசிகள், ஸ்டேப்ளர் பின்கள், இளகிப்போன ரப்பர் பேண்டுகள் ஆகியவற்றை மெதுவாக நீக்குங்கள். கிழிந்த தாளைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறித் தாளையே அரித்துவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்து, அது எந்த அலமாரியில் இருந்தது, தோராயமாக எந்த ஆண்டு, எதைப் பற்றியது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதினால், அதுவே பட்டியல். ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ அளவு போதுமானது. பென்சில் குறிப்பு உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் குறிப்பு மறைந்துவிடும். நகல்களை இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கும் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வையுங்கள்.

எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்ற கேள்விக்கு வருவோம். இதில் அவசரம் கூடாது. கள ஆய்வுக் குறிப்பேடுகளில் குடும்பங்களின் கடன், சாதி, நோய், சாவு, வீட்டுச் சண்டை எல்லாம் பெயரோடு இருக்கும். சிசுக்கொலை பற்றிய ஆய்வாக இருந்தால், அந்தக் குறிப்பேட்டில் உள்ள ஒரு பெயர் இன்றும் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணைச் சிறைக்கோ ஊர்ப்பழிக்கோ உள்ளாக்கும். அவர்கள் பேராசிரியரை நம்பிப் பேசினார்களே தவிர, நம்மிடம் பேசவில்லை. இத்தகைய குறிப்பேடுகளை மூடி முத்திரையிட்டு, எத்தனை ஆண்டுகள் கழித்து யார் பார்க்கலாம் என்று எழுதிவைத்து, ஆய்வு நூலகம் ஒன்றின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். பெயரும் ஊரும் நீக்கிய அட்டவணைகளை மட்டும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம்.

பதிப்புரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரின் எழுத்துக்கு அவர் வாழ்நாளும் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அது வாரிசுகளுக்குச் சேரும். அவர் எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் இருந்தாலும் அதை அச்சிடும் உரிமை அவருடைய வாரிசுகளிடமே இருக்கிறது; பிறர் அவருக்கு எழுதிய கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது. அரசுக்காக எழுதிக் கொடுத்த அறிக்கையின் உரிமை பெரும்பாலும் அரசுக்குரியது. இதழ்க் கட்டுரையின் உரிமை இதழிடம் இருக்கலாம். தொகுப்பு நூல் போடுவதற்கு முன்னால் எழுத்துப்பூர்வமாக ஒரு பக்க அனுமதிக் கடிதம் பெற்றுவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

அவர் போன ஊருக்கு மீண்டும் போவது

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 முதல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை வீடு வீடாக விசாரித்து எழுதச் சொன்னார். 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டுக்குச் சென்றார்கள். ஸ்லேட்டரின் பெயரை இன்றும் நாம் சொல்வது அவருக்கு மண்டபம் கட்டியதால் அன்று. அவர் கேட்ட கேள்விகளை அதே வீதிகளில் மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான்.

சேலம் இதற்கு ஏற்ற மண். திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் ஆங்கிலேயரிடம் கைமாறிய பாராமகாலிலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலத்திலும்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு உழவரின் நிலத்தையும் தனித்தனியே மதிப்பிட்டு வரி விதிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் அது. 1883-இல் லெ ஃபானு தொகுத்த மாவட்டக் கையேடும் 1918-இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெசட்டியரும் நம்மிடம் இருக்கின்றன. ஆகவே உங்கள் பேராசிரியர் 30 ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த ஊருக்கு மறுபடி போகும்போது, ஒப்பிடுவதற்கு அவருடைய அட்டவணையோடு இருநூறு ஆண்டுப் பதிவுகளும் சேர்ந்து கிடைக்கும்.

எப்படிச் செய்வது? அவருடைய பழைய வினாப்பட்டியலை முதலில் கண்டுபிடியுங்கள். கேள்விகளை இன்றைய வசதிக்காக மாற்றாதீர்கள், புதியவை வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். ஊரின் எல்லையைச் சரிபாருங்கள். சேலத்துப் புள்ளிவிவரங்களில் பலர் இடறுவது இங்கேதான்: 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கும், 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. எனவே 1961, 1991, 2001 ஆகிய மூன்று ஆண்டுகளின் ‘சேலம் மாவட்டம்’ என்பவை மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகள். மாவட்ட எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாமல், வட்டம் அல்லது கிராம அளவில் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

மலைக் கிராமங்களுக்குப் போவதாக இருந்தால் பருவம் பார்த்துப் போங்கள். நவம்பர் முதல் காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆண்களும் பெண்களும் விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், மாலையில் களைத்து வருபவர்களை 80 கேள்விகளுக்கு உட்கார வைப்பது நியாயமில்லை. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவும் கோடை விழாக் கூட்டமும் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நெருக்கியடிக்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்கள் எங்களுக்கு ஒத்துவந்தன. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) ஊர்களில் முதலில் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு, முன்பு வந்தவர் கண்டுபிடித்தது என்ன என்பதைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். இது மிக அவசியம். அவர்களைப் பற்றி எழுதப்பட்டதை அவர்களுக்கே சொல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கில்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி கொடுத்த மனுக்கள் என்னவாயின, நியாயவிலைக் கடை எத்தனை தொலைவு, உயர்நிலைப் பள்ளிக்குப் பெண் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் போன்றவற்றை அவர்களே எடுத்துப் பேசுவார்கள்.

அரசு ஆவணம் தேவைப்பட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். மனுவோடு 10 ரூபாய் கட்டணம் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். “இத்திட்டம் ஏன் தோற்றது?” என்று கேட்டால் எதுவும் கிடைக்காது; “இன்ன எண், இன்ன நாளிட்ட அரசாணைக்கு அடிப்படையான குழு அறிக்கையின் நகல்” என்று கேட்க வேண்டும். பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

சொற்பொழிவு, பணம், இளையவர்கள்

ஆண்டுதோறும் ஒரு நினைவுச் சொற்பொழிவு நடத்த விரும்பினால், முதலில் பணக்கணக்கைப் போடுங்கள். ஐந்து லட்சம் ரூபாயை வைப்புநிதியில் போட்டு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி வந்தால் 30,000 ரூபாய் கிடைக்கும். பேச்சாளரின் பயணம், தங்கல், மண்டபம், உரையை அச்சிடுதல் ஆகியவற்றுக்குச் சிக்கனமாக அது போதும். அந்தத் தொகையைத் திரட்ட முடியாதவர்கள் புதிய அறக்கட்டளை பதிவு செய்து அதன் தணிக்கைச் செலவைச் சுமப்பதைவிட, ஏற்கெனவே உள்ள கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஏற்படுத்துவது மேல். 1857-இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரியும் 1997-இல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. எங்கே வைத்தாலும், பேச்சாளரை யார் தேர்ந்தெடுப்பார்கள், உரை எந்த மொழியில் இருக்கும், கேள்வி நேரம் எவ்வளவு என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

உரை தமிழில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொள்கை பற்றிய பேச்சை அது தொடும் மக்கள் கேட்க முடியாமல் போனால் அந்த உழைப்பு வீண். பேச்சாளர் புகழ்பெற்றவராக இருப்பதைவிட, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு உழைத்தவராக இருப்பது நல்லது. 45 நிமிட உரை, அதே அளவுக்குக் கேள்வி நேரம். பொன்னாடையும் வாழ்த்துரையும் சேர்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாள்களையும், கல்லூரித் தேர்வு நடக்கும் ஏப்ரல், நவம்பர் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

சொற்பொழிவோடு இன்னொரு சிறிய ஏற்பாட்டையும் செய்யுங்கள். இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். பேராசிரியர் செய்ததில் பெரும்பகுதி பிறர் எழுதியதைப் படித்துத் திருத்தியதுதான். அவர் மாணவர்களில் ஐந்தாறு பேர் முறைவைத்துக்கொண்டு, மாவட்டத்திலுள்ள எந்தக் கல்லூரியின் முதுகலை மாணவரும் தம் ஆய்வு வரைவை அனுப்பினால், மூன்று வாரத்துக்குள் படித்து, பக்க ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவது என்று அறிவிக்கலாம். ஓமலூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குத் தம் எழுத்தை ஒருவர் முழுமையாகப் படித்தார் என்பதே பெரிய துணை. களப்பணிக்குப் போகும் ஒருவருக்கு ஆண்டுதோறும் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பெற்றவர், பயன்படுத்திய வினாப்பட்டியலையும் பெயர் நீக்கிய அட்டவணையையும் பேராசிரியரின் தாள்கள் இருக்கும் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனையாக இருக்கட்டும்.

வரவு செலவுக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நன்கொடையாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பிவையுங்கள். அச்சிட்ட உரையின் படிகளை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஏற்காட்டுக் கிளை நூலகத்துக்கும் கொடுங்கள். வரைவுகளைப் படித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை முதல் சொற்பொழிவுக்காகக் காத்திருக்காமல் உடனே தொடங்கலாம். முதுகலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அறிவிப்பு அவர்கள் துறையின் பலகையில் இருக்க வேண்டும்.